கரியா, காஸா? – சுட்டுத் தின்பதன் கதை

‘கறி’ வேறு, ‘கரி’ வேறு. வல்லின றகரம் போட்டால் தட்டில் இருப்பது. இடையின ரகரம் போட்டால் அடுப்பில் இருப்பது. வெளிமாநிலங்களில் வளரும் நம் பிள்ளைகளுக்கு இந்த வித்தியாசத்தைச் சொல்லிக்கொடுப்பதற்குள் தமிழ் வகுப்பு எடுப்பவர்களுக்குப் போதும் போதும் என்றாகிவிடுகிறது. “நேத்து வீட்ல கரி சாப்பிட்டோம்” என்று எழுதிக்கொடுக்கும் குழந்தையை எத்தனை தடவைதான் திருத்துவது! இக்கட்டுரை இந்த இரண்டும் சந்திக்கிற இடத்தைப் பற்றியது. அதாவது, திறந்த வெளியில் நெருப்புக்கு மேலே நேரடியாக வைத்துச் சுடும் சமையல். அதற்கு மரக்கரி உகந்ததா, காஸ் உகந்ததா என்பதே கேள்வி.

இதுல என்ன பெரிய வரலாறு இருக்கப்போகுது என்று தோன்றலாம். ஆனால் நம் சங்கக் குளிர்காலப் பிக்னிக்குகளில் இப்போது இதுவே ஒரு விவாதமாகிவிட்டது. அமெரிக்காவில் சில ஆண்டுகள் இருந்துவிட்டுத் திரும்பிய இளைஞர் பட்டாளம் ‘பார்பிக்யூ’ வைக்கவேண்டும் என்கிறது. அவர்களுக்குள்ளேயே கரிக் கட்சி, காஸ் கட்சி என்று இரண்டு பிரிவு. “கரியில சுட்ட அப்பளத்துக்கு ஈடு உண்டோ?” என்று மாமிகள் ஒரு பக்கம். “புகை போட்டா பக்கத்து பிளாக்காரன் போலீஸைக் கூப்பிடுவான்” என்று பொருளாளர் மறுபக்கம். இதில் ஒவ்வொருவர் சொல்வதற்கும் பின்னால் நூறாண்டு வரலாறு நிற்கிறது. அதைத் தெரிந்துகொண்டு முடிவெடுத்தால் நல்லது.

பொருநர் தின்ற சூடு

முதலில் நம் வீட்டிலிருந்தே தொடங்குவோம். பத்துப்பாட்டில் ஒன்றான பொருநராற்றுப்படையில், கரிகால் வளவன் தன்னைத் தேடி வந்த பொருநனுக்கு அளித்த விருந்து வருகிறது. முடத்தாமக்கண்ணியார் பாடியது. அந்த விருந்தில் கம்பியில் கோத்துச் சுட்ட கொழுத்த இறைச்சித் துண்டுகள் உண்டு. சூடு தாளாமல் வாயின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாற்றி மாற்றிப் பொருநர்கள் அவற்றைத் தின்றார்கள் என்று புலவர் காட்டுகிறார். இன்று ஜாமா மஸ்ஜித் சந்தில் நின்றுகொண்டு சீக் கபாப் தின்பவரைப் பார்த்தால் அதே காட்சிதான். இத்தனைக்கும் அந்த மன்னனின் பெயரே நெருப்பில் கால் கரிந்ததால் வந்தது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி.

சுடுதல் புலால் உண்போருக்கு மட்டும் உரியது என்றும் எண்ணிவிடக் கூடாது. சுட்ட அப்பளம், சுட்ட கத்திரிக்காய்த் துவையல், தணலில் புதைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு, கடற்கரையில் விசிறி விசிறிச் சுட்டுத் தரும் சோளக்கதிர் எல்லாம் இந்த வகையே. சுடுவது, வாட்டுவது, வறுப்பது, பொரிப்பது, அவிப்பது என்று ஒவ்வொன்றுக்கும் தமிழில் தனிச்சொல் இருப்பதே நெருப்போடு நமக்கிருந்த பழக்கத்தைச் சொல்லும்.

பழைய வீடுகளில் விறகடுப்பு தவிர குமுட்டி என்று ஒன்று இருந்தது. இரும்பாலோ மண்ணாலோ ஆன சிறிய கரி அடுப்பு. பால் காய்ச்சவும், கஷாயம் வைக்கவும், அப்பளம் சுடவும் அதுதான். அடுப்பு வாய்க்கு எதிரே பனையோலை விசிறியோடு உட்கார்ந்திருந்த பாட்டிமார்கள் பலருடைய நினைவில் இருப்பார்கள். பிழைப்புக்காக வடக்கே வந்த நம்மவர்கள் அதே அடுப்பை தில்லியில் அங்கீட்டி என்றும், பம்பாயில் ஷெகடி என்றும் கண்டுகொண்டார்கள். பெயர் மாறினாலும் கண்ணெரிச்சல் மாறவில்லை.

ஒரு சின்ன எச்சரிக்கை. இந்தியில் ‘கோய்லா’ என்ற ஒரே சொல் மரக்கரிக்கும் நிலக்கரிக்கும் பொதுவாக வழங்குகிறது. இரண்டும் வேறு வேறு. நிலக்கரி பூமியிலிருந்து வெட்டியெடுப்பது. கந்தகமும் சாம்பலும் அதிகம். அதில் நேரடியாக எதையும் சுட்டுத் தின்பது நல்லதில்லை. மரக்கரி, விறகைக் காற்றுப் படாமல் வேகவைத்து எடுப்பது. சட்டம் பற்றிப் பேசும்போது இந்த வேறுபாடு முக்கியமாகப்படும்.

காரிலிருந்து வந்த கரி

‘பார்பிக்யூ’ என்ற சொல் கரீபியன் தீவுகளின் பூர்வகுடிகளான டைனோ மக்களின் மொழியிலிருந்து ஸ்பானியர் வழியாக வந்தது. நெருப்புக்கு மேலே குச்சிகளால் கட்டிய பரணைக் குறித்த சொல் அது. ஆனால் இன்று அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு பின்கட்டில் நிற்கிற அடுப்புக்கும் அந்தப் பரணுக்கும் நடுவே ஒரு மோட்டார் கம்பெனி இருக்கிறது என்றால் நம்புவீர்களா?

ஹென்றி ஃபோர்டின் மாடல் டி கார்களில் மரத்தாலான பாகங்கள் நிறைய. அந்த மரத்துக்காக மிச்சிகன் மாநிலத்தின் வடபகுதியில் காடுகளை வாங்கினார். அதற்கு உதவியவர் அவருக்கு உறவுமுறையான எட்வர்ட் கிங்ஸ்ஃபோர்ட். மரம் அறுத்தால் கிளையும் தூளும் மலைபோல் குவியும். எதையும் வீணாக்கப் பொறுக்காதவர் ஃபோர்ட். ஒரிகன் பல்கலைக்கழக வேதியியலாளர் ஓரின் ஸ்டாஃபோர்ட் கண்ட முறைப்படி அந்தக் கழிவைக் கரியாக்கி, ஸ்டார்ச் கலந்து, தலையணை வடிவத்தில் சிறு கட்டிகளாக அழுத்தி 1920-களில் விற்கத் தொடங்கினார்கள். எங்கே விற்றார்கள்? ஃபோர்ட் கார் விற்கும் அதே கடைகளில்! கட்டிக்கரிக்கான காப்புரிமையை எல்ஸ்வொர்த் ஸ்வோயர் என்ற பென்சில்வேனியாக்காரர் 1897-லேயே எடுத்திருந்தார். ஆனால் அதை வீட்டுப் பொருளாக்கியது கார் தொழிற்சாலையின் குப்பை. 1951-இல் அந்தத் தொழில் கைமாறியபோது கிங்ஸ்ஃபோர்டின் பெயரையே வைத்தார்கள். இன்றும் அமெரிக்கக் கடைகளில் கிடைக்கிற பெயர் அது.

கரி கிடைத்தது, நல்ல அடுப்பு இல்லை. திறந்த தட்டடுப்பில் காற்றடித்தால் சாம்பல் பறக்கும், மழை வந்தால் அணைந்துபோகும். சிகாகோவில் வெபர் சகோதரர்களின் உலோகப் பட்டறையில் வேலை பார்த்த ஜார்ஜ் ஸ்டீஃபன், அங்கே தயாரான கடல் மிதவையின் இரண்டு அரைக்கோளங்களை எடுத்து, ஒன்றை அடுப்பாகவும் மற்றதை மூடியாகவும் ஆக்கினார். இது 1952-இல். மூடி இருப்பதால் சூடு சுற்றிவரும், துவாரங்களைத் திருகினால் நெருப்பு அடங்கும். நம் ஊர் மூடிபோட்ட வெண்கலப் பானை சூட்சுமம்தான். ஆனால் அது அங்கே ஒரு வாழ்க்கைமுறையையே உண்டாக்கியது.

நமக்கும் இதில் ஓர் இணைகதை உண்டு. 1956-இல் தொடங்கிய நெய்வேலி நிறுவனம், தன் பழுப்பு நிலக்கரியிலிருந்து புகை குறைந்த கட்டிக்கரி செய்து ‘லெக்கோ’ என்ற பெயரில் வீடுகளுக்கு விற்றது. தமிழ்நாட்டில் 1960, 70-களில் குடும்பம் நடத்தியவர்களுக்கு லெக்கோ மூட்டை நினைவிருக்கும். மிச்சிகனில் விடுமுறைக் களியாட்டத்துக்குக் கட்டிக்கரி; நம் ஊரில் அன்றாடம் அரிசி வேகக் கட்டிக்கரி!

காஸ் வந்த கதை

எண்ணெய்ச் சுத்திகரிப்பில் கிடைக்கும் துணைப்பொருள்தான் சமையல் காஸ். புரோபேன், பியூட்டேன் என்ற இரண்டின் கலவை. அழுத்தம் கொடுத்தால் திரவமாகிவிடும் என்பதால் உருளையில் அடைக்க முடிகிறது. ஆக, கரியைப் போலவே காஸும் வேறொரு தொழிலின் மிச்சம் வீட்டுக்குள் நுழைந்ததுதான்.

அமெரிக்காவில் காஸ் விற்கும் நிறுவனங்களும் அடுப்பு செய்பவர்களும் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் வெளியில் சுடுவதற்கும் காஸ் அடுப்பைப் பழக்கினார்கள். கரிக்குப் பேர்போன வெபர் நிறுவனமே 1985-இல் ‘ஜெனிசிஸ்’ என்ற காஸ் அடுப்பைக் கொண்டுவந்தது. பர்னருக்கு மேலே கூரை வடிவில் இரும்புத் தகடுகள். மேலிருந்து சொட்டும் கொழுப்பு அவற்றில் பட்டு ஆவியாகி, புகைமணம் திரும்ப மேலே ஏறும். இன்று அங்கே வீடுகளில் காஸ் அடுப்புகளே அதிகம். ஒரு குமிழைத் திருகினால் பத்து நிமிடத்தில் தயார் என்றால் யார்தான் விசிறிக்கொண்டு நிற்பார்கள்?

இந்தியாவில் பர்மா ஷெல் கம்பெனி 1950-களில் பம்பாயில் சமையல் காஸ் விற்கத் தொடங்கியது. இந்தியன் ஆயிலின் ‘இண்டேன்’ 1965-இல் கல்கத்தாவில் முதல் இணைப்பைக் கொடுத்தது. அதற்கப்புறம் பல ஆண்டுகள் காஸ் இணைப்பு என்பது காத்திருப்போர் பட்டியல், எம்.பி. கோட்டா, சிபாரிசுக் கடிதம் என்று ஒரு தவமாகவே இருந்தது. மாப்பிள்ளைக்கு தில்லியில் காஸ் கனெக்‌ஷன் இருக்கிறதா என்று பெண்வீட்டார் விசாரித்த காலம் உண்டு. அப்படி அரும்பாடுபட்டு வாங்கிய சிலிண்டரை மொட்டைமாடிக்குத் தூக்கிக்கொண்டு போய் சோளம் சுட யாருக்கு மனசு வரும்? அதனால்தான் நம் நாட்டில் உள்ளே காஸ், வெளியே கரி என்று நெடுங்காலம் ஒரு பாகப்பிரிவினை நிலைத்திருந்தது.

பெஷாவரிலிருந்து தரியாகஞ்சுக்கு

வட இந்தியாவில் வெளியில் சுடும் சமையல் என்றால் தந்தூரைச் சொல்லாமல் முடியாது. ராஜஸ்தானின் காலிபங்கனில் 1960-களில் நடந்த அகழாய்வில் தந்தூரை ஒத்த களிமண் அடுப்புகள் கிடைத்தன. பஞ்சாப் கிராமங்களில் ஊருக்குப் பொதுவான தந்தூர் ஒன்று இருக்கும். சாயங்காலம் அவரவர் வீட்டு மாவைக் கொண்டுவந்து ரொட்டி சுட்டுக்கொண்டு போவார்கள். எரிபொருளை மிச்சம் பிடிக்க இதைவிடச் சிறந்த ஏற்பாடு ஏது?

1947-இல் தேசம் பிளந்தபோது அகதிகளோடு தந்தூரும் தில்லிக்கு வந்து சேர்ந்தது. பெஷாவரிலிருந்து வந்த குந்தன்லால் குஜ்ரால், குந்தன்லால் ஜக்கி ஆகியோர் தரியாகஞ்சில் நடத்திய ‘மோதி மஹல்’ தந்தூரிக் கோழியை நாடறியச் செய்தது. பட்டர் சிக்கனை முதலில் செய்தது யார் என்று அவ்விருவரின் வாரிசுகளும் 2024-இல் தில்லி உயர்நீதிமன்றம் வரை போய்விட்டார்கள் என்றால் அந்த அடுப்பின் செல்வாக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கும் முன்பே, 1913 முதல், ஜாமா மஸ்ஜித் அருகே ‘கரீம்’ போன்ற கடைகளில் கரித்தணலின் மேல் சீக் கபாப் சுடும் முகலாய மரபு இருந்தது. ஒன்று மண்குடுவைக்குள் சுடுவது, மற்றது திறந்த தணல் மேல் சுடுவது. இரண்டுக்கும் பொது, கரி.

சட்டம் அடுப்பங்கரைக்குள் வந்தது

கரியை அசைக்க முடிந்தது சுவையால் அல்ல, காற்றால். தாஜ்மஹாலின் பளிங்கு மஞ்சளாகிறது என்று எம்.சி. மேத்தா 1984-இல் உச்சநீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தார். 1996 டிசம்பர் 30-இல் வந்த தீர்ப்பு, தாஜைச் சுற்றிய 10,400 சதுர கிலோமீட்டர் பரப்பில் இருந்த 292 தொழிற்கூடங்கள் நிலக்கரியை விட்டு இயற்கை எரிவாயுவுக்கு மாறவேண்டும், இல்லாவிட்டால் இடம்பெயரவேண்டும் என்றது. ‘கரியா, காஸா?’ என்ற கேள்விக்கு நம் நாட்டு நீதிமன்றம் சொன்ன முதல் பெரிய பதில் என்று அதைச் சொல்லலாம். அடுத்து தில்லிப் பேருந்துகள் இயற்கை எரிவாயுவுக்கு மாறியது நமக்கெல்லாம் கண்ணெதிரே நடந்தது.

உணவகங்களின் முறை பிறகு வந்தது. ஐ.ஐ.டி. கான்பூர் தில்லி அரசுக்காகத் தயாரித்து 2016-இல் அளித்த அறிக்கை, தலைநகரில் சுமார் 9,000 உணவகங்கள் பெரும்பாலும் தந்தூருக்காகக் கரி எரிப்பதாக மதிப்பிட்டது. பத்து இருக்கைகளுக்கு மேற்பட்டவை மின்சாரத்துக்கோ காஸுக்கோ மாறவேண்டும் என்று பரிந்துரைத்தது. காற்றுத்தர மேலாண்மை ஆணையம் 2022-இல் வெளியிட்ட எரிபொருள் பட்டியல், தந்தூருக்கும் கிரில்லுக்கும் மரக்கரியைச் சில நிபந்தனைகளோடு அனுமதித்தது. ஆனால் தலைநகர் வட்டாரத் தொழிற்கூடங்களிலும் வணிக இடங்களிலும் நிலக்கரி 2023 ஜனவரி 1 முதல் கூடாது என்றானது. 2025 டிசம்பரில் தில்லி மாசுக்கட்டுப்பாட்டுக் குழு, ஓட்டல்களிலும் திறந்தவெளிச் சாப்பாட்டுக் கடைகளிலும் தந்தூருக்கு நிலக்கரியும் விறகும் கூடாது என்று உத்தரவிட்டது. மும்பையிலும் இதே கதை. விறகும் கரியும் எரிக்கும் பேக்கரிகளும் தந்தூர்க் கடைகளும் ஆறு மாதத்துக்குள் மாறவேண்டும் என்று 2025 ஜனவரியில் பம்பாய் உயர்நீதிமன்றம் கூறியது.

இது ஏதோ நமக்கு மட்டும் வந்த சோதனை என்று நினைக்கவேண்டாம். கரியைப் பற்றவைக்க ஊற்றும் எண்ணெயிலிருந்து எழும் ஆவிக்கு லாஸ் ஏஞ்சலீஸ் வட்டாரக் காற்றுத்தர அமைப்பு 1990-லேயே வரம்பு விதித்தது. புகைமூட்டம் மிகுந்த ஊர் எதுவானாலும் பார்வை கடைசியில் அடுப்பின் பக்கம் திரும்பத்தான் செய்கிறது.

மணம் எங்கிருந்து வருகிறது?

“காஸ்ல சுட்டா அந்த மணம் வராது சார்!” என்பது கரிக் கட்சியின் பிரம்மாஸ்திரம். இதைச் சற்று ஆராயலாம்.

விறகைக் கரியாக்கும்போதே அதிலுள்ள ஈரமும், மணம் தரும் எண்ணெய்ப் பசைகளும் பெரும்பாலும் வெளியேறிவிடுகின்றன. எனவே நன்றாகப் பிடித்துக்கொண்ட கரித்தணலிலிருந்து புகை மிகக் குறைவாகவே வரும். விறகுப் புகையின் மணம் அதில் இல்லை. நாம் ‘கரி மணம்’ என்று சொல்வது பெரும்பாலும் மேலிருந்து சொட்டும் கொழுப்பும், நெய்யும், மசாலாச் சாறும் தணலில் விழுந்து பொசுங்கி ஆவியாகித் திரும்ப மேலே படிவதால் வருவது. பழுப்பு நிறமும் வறுபட்ட ருசியும் வேறு. புரதமும் சர்க்கரையும் சூட்டில் சேர்ந்து மாறுவதால் வருவது அது. 1912-இல் மயார் என்ற பிரெஞ்சு அறிஞர் விவரித்தது. அதற்குச் சூடு போதும். கரியா காஸா என்று அது கேட்பதில்லை.

ஆனாலும் இரண்டு நெருப்பும் ஒன்றல்ல. செக்கச்செவேலென்ற கரி, வெயில் மாதிரி வெப்பத்தைக் கதிராக வீசுகிறது. காஸ் எரியும்போது நீராவி பிறக்கிறது. ஒரு கிலோ புரோபேன் எரிந்தால் 1.6 கிலோ நீராவி. அதனால் காஸில் மேற்பரப்பு மொறுமொறுவென்று ஆகச் சற்று நேரம் பிடிக்கும். எனவே கபாப், பனீர் டிக்கா, சோளக்கதிர் போன்றவற்றில் கரிக்கு ஒரு மதிப்பெண் அதிகம் கொடுக்கலாம். தந்தூரி ரொட்டியில் அவ்வளவு வித்தியாசம் இல்லை. ரொட்டி ஒட்டிக்கொள்வது சூடேறிய களிமண் சுவரில்; அந்தச் சுவரைக் கீழிருந்து சூடாக்குவது கரியானால் என்ன, பர்னரானால் என்ன? அதில் சொட்டுவதற்கும் ஒன்றுமில்லை.

கரி மணம் வேண்டும் என்பவர்களுக்கு வடக்கத்திச் சமையலிலேயே ஓர் அழகான வழி இருக்கிறது. ‘துங்கார்’ என்பார்கள். சமைத்த பண்டத்தின் நடுவே ஒரு சிறு கிண்ணம், அதில் ஒரே ஒரு தணல் துண்டு, அதன்மேல் ஒரு ஸ்பூன் நெய். உடனே மூடிவிட்டால் ஐந்து நிமிடத்தில் மணம் இறங்கிவிடும். ஒரு மூட்டை கரி செய்கிற வேலையில் பாதியை ஒரு துண்டுக் கரி செய்துவிடும்!

கணக்கும் மனிதர்களும்

ஒரு கிலோ காஸில் சுமார் 11,000 கிலோகலோரி வெப்பம். மரக்கரியில் சுமார் 7,000. எனவே 14.2 கிலோ சிலிண்டர் ஒன்றுக்கு ஈடாக ஏறத்தாழ 22 கிலோ கரி வேண்டும். மண்மூடிய பழைய முறையில் ஒரு கிலோ கரிக்குக் குறைந்தது ஐந்து கிலோ விறகாவது போகும். அப்படியானால் ஒரு சிலிண்டருக்குப் பதில் 110 கிலோ விறகு. இந்தக் கணக்கைப் பார்த்தால் காஸ்தான் என்று உடனே தோன்றும். ஆனால் நாம் எரிக்கும் சமையல் காஸில் பாதிக்கு மேல் கப்பலில் வருகிறது. மரம் வெட்டினால் மறுபடி முளைக்கும். எண்ணெய்க் கிணறு முளைக்காது.

இங்கே ராமநாதபுரத்தை நினைக்காமல் இருக்க முடியாது. முதுகுளத்தூர், கமுதி வட்டாரத்தில் மழை பொய்த்த நிலங்களில் மண்டிக்கிடக்கும் சீமைக்கருவேலத்தை வெட்டி, அடுக்கி, வைக்கோலும் மண்ணும் போட்டு மூடிக் கரிமூட்டம் போடுகிறார்கள். நாட்கணக்கில் புகையும். முதலில் வெள்ளையாக அடர்ந்து வரும் புகை, கடைசியில் மெல்லிய நீலமாகும். அந்த நிறத்தைப் பார்த்துத்தான் மூட்டத்தைப் பிரிக்கும் பதம் சொல்வார்கள். விவசாயம் கைவிட்ட ஊர்களில் பல குடும்பங்களுக்குச் சோறு போடுவது அதுதான். நிலத்தடி நீரைக் கெடுக்கிறது என்று அந்த மரத்தை அழிக்கச் சொல்லும் குரலும் நியாயமானது. அதை நம்பிப் பிழைப்பவர்களின் கவலையும் நியாயமானது.

அடுத்தவர், தந்தூர் முன் நிற்பவர். பெரும்பாலும் அவரும் நம்மைப் போலவே ஊர்விட்டு வந்தவர். உத்தராகண்டோ பீகாரோ சொந்த ஊராக இருக்கும். நாம் கபாப்பின் மணத்தைச் சில நிமிடம் அனுபவித்துவிட்டுப் போகிறோம். அவர் தினமும் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் அந்தப் புகையையும் பொசுங்கிய கொழுப்பின் ஆவியையும் நெஞ்சுக்குள் இழுக்கிறார். சுவையைப் பற்றிய நம் பேச்சில் அவருடைய மூச்சு கணக்கில் வருவதேயில்லை. காஸுக்கு மாறினால் புகை குறையும் என்பது அவருக்கு நல்ல செய்தி. ஆனால் புதிய தந்தூருக்கும் குழாய் இணைப்புக்கும் முதல் போட முடியாமல் சின்ன தாபாவை மூடிவிட்டால் அவர் வேலையே போய்விடும். விதியைப் போடுகிறவர்கள் மாறுவதற்கான அவகாசத்தையும் கடனுதவியையும் சேர்த்துத் தந்தால்தான் அது அவருக்கு நன்மையாகும்.

மூன்றாமவர், நம் குடியிருப்பின் வாசலில் இருக்கும் காவலாளி. குளிர்காலம்தோறும் வட இந்தியாவில், மூடிய அறைக்குள் அங்கீட்டியை வைத்துக்கொண்டு தூங்கியவர்கள் காலையில் எழுந்திருக்கவில்லை என்ற செய்தி வந்துகொண்டேதான் இருக்கிறது. கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக அது ஒட்டிக்கொள்ளும். புகையே வரவில்லையே என்று நம்புகிற இடத்தில்தான் ஆபத்து. பிக்னிக் முடிந்து மிஞ்சிய தணலைக் “குளிருக்கு வெச்சுக்கோப்பா” என்று காவலாளியின் கூண்டுக்குள் கொடுப்பது தானமாகாது. குடியிருப்புச் சங்கங்கள் காவலாளிகளுக்கு மின்சார ஹீட்டர் தரவேண்டும் என்று காற்றுத்தர ஆணையத்தின் குளிர்கால விதிகளே சொல்கின்றன. நம் குடியிருப்பில் கொடுத்திருக்கிறார்களா என்று ஒருமுறை கேட்டுப்பாருங்கள்.

நாம் என்ன செய்யலாம்?

அடிக்கடி சுடுபவர்கள், அடுக்ககத்தில் வசிப்பவர்கள், பக்கத்தில் குழந்தையோ ஆஸ்துமா உள்ளவரோ இருப்பவர்கள் காஸ் அடுப்பை வைத்துக்கொள்வதே முறை. சமையல் காஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தங்கும். ஆகவே சிலிண்டர் நிமிர்ந்தே நிற்கவேண்டும், அடுப்பின் மூடியைத் திறந்துவிட்டே பற்றவைக்கவேண்டும், இணைப்பில் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்க்கவேண்டும். சங்க விழாவில் காசு வாங்கி ஸ்டால் போடுவதென்றால் வீட்டுச் சிலிண்டரைக் கொண்டுவரக் கூடாது. அதற்கென்று 19 கிலோ வணிகச் சிலிண்டர் இருக்கிறது.

ஆண்டுக்கு ஒருமுறை திறந்த மைதானத்தில் கூடும்போது, அந்த ஊர் விதி அனுமதித்து, அன்றைய காற்றின் தரமும் சரியாக இருந்தால், மரக்கரி வைத்துக்கொள்வதில் தவறில்லை. தில்லியில் காற்றுத்தரக் குறியீடு 200-ஐத் தாண்டிய நாளில் வேண்டவே வேண்டாம். மண்ணெண்ணெய் ஊற்றக் கூடாது. உணவில் வாடை ஏறும், தீயும் பாயும். கரியின் மேல் வெள்ளைச் சாம்பல் பூக்கும்வரை இருபது முப்பது நிமிடம் பொறுத்திருந்து பிறகு சுடவேண்டும். கொழுப்பு சொட்டித் தீ எழும்பினால் பண்டத்தை நகர்த்திவிட வேண்டும். கருகிய பாகத்தைத் தின்ன வேண்டியதில்லை. முடிந்ததும் தண்ணீர் ஊற்றி முழுதாக அணைத்துவிட்டுக் கிளம்பவேண்டும். சாம்பலுக்கடியில் தணல் மறுநாள் வரைகூட உயிரோடிருக்கும்.

வரலாற்றைப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. மிச்சிகனில் மரத்தூள் மிஞ்சியது, கரி வந்தது. சுத்திகரிப்பு ஆலையில் வாயு மிஞ்சியது, காஸ் வந்தது. அகதிகள் வந்தார்கள், தந்தூர் வந்தது. காற்று கெட்டது, சட்டம் வந்தது. நாக்கு ஒவ்வொரு தடவையும் கொஞ்ச நாள் முணுமுணுத்துவிட்டுப் பழகிக்கொண்டது. விறகடுப்புச் சோற்றின் ருசி வேறெதிலும் வராது என்று சொன்ன பாட்டிகளே, காஸ் வந்த மறுவாரம் குமுட்டியைப் பரணில் ஏற்றினார்கள். அவர்களுடைய கண்ணும் நெஞ்சும் பட்ட பாடு அவர்களுக்குத்தானே தெரியும்! ஆகவே அடுத்த பிக்னிக் கமிட்டிக் கூட்டத்தில் எது ருசி என்று கேட்பதோடு நிற்காமல், யார் விசிறப்போகிறார்கள், யார் பக்கம் புகை போகும் என்பதையும் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். சோளக்கதிர் எதில் சுட்டாலும் எலுமிச்சம்பழமும் உப்பும் மிளகாய்த்தூளும் சரியாக இருக்கட்டும்.